செஷன் ஜீரோவில் மாட்டிக்கொண்ட பெட்டி: வின்ஸ்டா டிஎல்எல்லுக்குள் தேடிப்போவது எப்படி

அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலைகளுக்குக் கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமாக இது: எடைமேடை மென்பொருள் ஒன்று விண்டோஸ் சர்வீஸாக (பின்னணியில் தானாக ஓடும் புரோகிராமாக) ஓடுகிறது. விண்டோஸ் 7 இருந்த பழைய கணினியை எடுத்துவிட்டு விண்டோஸ் 10 கணினி வைத்ததிலிருந்து, லாரி மேடையில் ஏறி நிற்கிறது, எடை கணினிக்கு வருவதில்லை, ஆனால் சர்வீஸ் பட்டியலைத் திறந்தால் 'ரன்னிங்' என்றுதான் இருக்கிறது. நிறுத்தித் திரும்பக் கிளப்பினால் சரியாகிவிடும், இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை. செஷன் ஜீரோவின் திரையைக் காட்டுகிற ஃபங்ஷன் வின்ஸ்டா டிஎல்எல்லில் (விண்டோஸோடு வரும் ஃபங்ஷன் தொகுப்பு ஒன்று) இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் அதைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை, அதற்கு என்ன பாராமீட்டர் கொடுக்க வேண்டும், சி ஷார்ப்பிலிருந்து கூப்பிட முடியுமா, "அண்ணாச்சி, இதை நம்ம புரோகிராமிலேயே சேர்த்துரலாமா?" என்கிறார்.

தம்பி, கூப்பிட முடியும். ஆனால் உங்கள் ஆலையில் நடக்கும் கோளாறுக்கு அந்த ஃபங்ஷன் உதவவே உதவாது, ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும். அதற்காகத் தேடுவதை விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆவணம் இல்லாத ஃபங்ஷனைத் தேடிப்போகும் வழியில் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கோளாறைத் தீர்க்கப் போகிறது.

முதலில் செஷன் ஜீரோ. செஷன் என்பது ஒருவர் லாகான் செய்யும்போது விண்டோஸ் அவருக்கென்று ஒதுக்கும் தனி இடம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எக்ஸ்பி காலத்தில் சர்வீஸ்கள் எல்லாம் ஓடிய அதே செஷனில்தான் முதலில் லாகான் செய்த ஆளும் உட்கார்ந்திருந்தார். அதனால் சர்வீஸ் ஒரு மெசேஜ் பாக்ஸ் போட்டால் அது நேராக அவர் திரையில் வந்து நின்றது. வசதிதான், ஆனால் ஆபத்தும் அதிலேயே இருந்தது. அன்றைய விண்டோஸில் ஒரே டெஸ்க்டாப்பில் இருந்த எந்த ஜன்னலும் இன்னொரு ஜன்னலுக்குச் செய்தி அனுப்ப முடிந்தது. சிஸ்டம் கணக்கில் (கணினியில் மிக அதிக அதிகாரமுள்ள கணக்கு) ஓடும் சர்வீஸின் ஜன்னல் சாதாரண ஆளின் டெஸ்க்டாப்பில் இருந்தால், சாதாரண ஆள் ஓட்டும் புரோகிராம் அந்த ஜன்னல் வழியாகத் தன் கட்டளைகளை சிஸ்டம் அதிகாரத்தில் ஓடவைக்க முடிந்தது. 2002ல் இதைச் செய்தே காட்டினார்கள், 'ஷாட்டர் அட்டாக்' என்று பெயர். அந்த வருடக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் டைமர் செய்தி வழியாக நுழையும் ஓட்டையை அடைத்தது, ஆனால் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. மாறியது விஸ்டாவில்தான். சர்வீஸ்களுக்கு மட்டும் செஷன் ஜீரோ, ஆட்களுக்கு ஒன்றிலிருந்து.

அப்படிப் பிரித்ததும் பழைய சர்வீஸ்கள் போட்ட பெட்டிகள் எல்லாம் யாரும் பார்க்காத திரையில் போய் நின்றன. அதைச் சமாளிக்க விஸ்டாவிலேயே 'இன்டராக்டிவ் சர்வீசஸ் டிடெக்‌ஷன்' என்று ஒரு சர்வீஸ் வைத்தார்கள், உள்பெயர் யுஐ0டிடெக்ட். செஷன் ஜீரோவில் ஏதாவது ஜன்னல் திறந்தால் உங்கள் டாஸ்க்பாரில் ஒன்று மினுக்கும், 'செய்தியைப் பார்' என்று அமுக்கினால் திரை முழுக்க மாறி வெறும் பின்னணியில் அந்தப் பெட்டி மட்டும் தெரியும், 'இப்போதே திரும்பு' என்று அமுக்கினால் உங்கள் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடலாம். இன்னொரு பொத்தான் 'பிறகு கேள்'.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆலையில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். பிசான அறுவடை முடிந்து நெல் வந்துகொண்டிருந்த நேரம், வாசலில் நாலு லாரி, எடைமேடைக் கணினி விண்டோஸ் 7. எடை வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் அந்த மினுக்கல் வந்தது. பக்கத்தில் நின்ற எடை போடும் பையன், நான் படிப்பதற்குள் என் கைக்கு மேலே கையை நீட்டி 'பிறகு கேள்' என்பதை அமுக்கிவிட்டான். "இது எப்பவும் வரும் சார், இதை அமுக்கினா போயிரும்" என்றான். அடுத்த முறை வரும்வரை காத்திருந்து 'செய்தியைப் பார்' என்பதை அமுக்கினேன். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டிகள், எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: சீரியல் போர்ட்டைத் திறக்க முடியவில்லை, மீண்டும் முயலவா, ரத்து செய்யவா. எடைக்கருவியிலிருந்து வரும் கம்பி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவன் மேல் தப்பே கிடையாது, அந்தப் பெட்டி என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, இப்போது ஃபங்ஷனுக்கு வருவோம். அந்த 'செய்தியைப் பார்' பொத்தான் செய்கிற அதே வேலையைச் செய்பவை வின்ஸ்டா டிஎல்எல்லில் இரண்டு: வின்ஸ்டேஷன்-ஸ்விட்ச்-டு-சர்வீசஸ்-செஷன், வின்ஸ்டேஷன்-ரிவர்ட்-ஃப்ரம்-சர்வீசஸ்-செஷன். (படிக்க வசதியாக இடையில் சிறு கோடு போட்டிருக்கிறேன், புரோகிராமில் எழுதும்போது எல்லாம் ஒரே சொல்.) முதலாவது உள்ளே கூட்டிப்போகும், இரண்டாவது திரும்பக் கொண்டுவரும். இரண்டுக்கும் பாராமீட்டர் எதுவும் கிடையாது. நீங்கள் கேட்டதற்கு நேர்ப்பதில் அதுதான், ஆனால் அது எப்படித் தெரியும் என்பதுதான் முக்கியம்.

அதற்கு முன்னால் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், எல்லாரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். 'விண்டோ ஸ்டேஷன்' வேறு, 'வின்ஸ்டேஷன்' வேறு. விண்டோ ஸ்டேஷன் என்பது ஒரு செஷனுக்குள் டெஸ்க்டாப்புகளையும் கிளிப்போர்டையும் வைத்திருக்கும் பொருள். அதைத் திறக்கும் ஃபங்ஷன்கள் யூசர்32 டிஎல்எல்லில் இருக்கின்றன, முறையாக ஆவணமும் உண்டு. வின்ஸ்டேஷன் என்பது முழு செஷன். சிட்ரிக்ஸ் நிறுவனம் 1990களில் விண்டோஸ் என்டியைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி மாற்றியபோது செஷனுக்கு வைத்த பெயர் அது. மைக்ரோசாஃப்ட் 1997ல் அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்கி 1998ல் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆக வின்ஸ்டா டிஎல்எல் செஷன்களைக் கையாளும் டிஎல்எல். இதில் போய் விண்டோ ஸ்டேஷனைத் தேடினால் கிடைக்காது. போதாக்குறைக்கு 'வின்ஸ்டா0' என்ற பெயரில் ஒரு விண்டோ ஸ்டேஷன் இருக்கிறது, அது இந்த டிஎல்எல்லோடு சம்பந்தப்பட்டதல்ல. திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றும் சேர்ந்திருக்கும் ஒரே விண்டோ ஸ்டேஷன் அது, ஒவ்வொரு செஷனிலும் ஒன்று. இந்த வின்ஸ்டா0வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

தேடுவது எப்படி? டிஎல்எல்லின் எக்ஸ்போர்ட் பட்டியலை, அதாவது அது வெளியே தரும் ஃபங்ஷன்களின் பட்டியலைப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் போதும், 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று கொடுத்தால் பெயர்கள் வரிசையாக வந்துவிடும். வின்ஸ்டாவில் வின்ஸ்டேஷன் என்று தொடங்குபவை நிறைய. அப்புறம் அதிகாரபூர்வமான டபிள்யூடிஎஸ்ஏபிஐ32 டிஎல்எல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டபிள்யூடிஎஸ் என்று தொடங்கும், ஆவணம் உள்ள ஃபங்ஷன்களில் பல உள்ளே வின்ஸ்டாவைத்தான் கூப்பிடுகின்றன, வெளியே ஒரு மெல்லிய உறை மட்டும். இது பெரிய வசதி. ஆவணம் உள்ள ஃபங்ஷனுக்கு என்ன கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரியும், அது வின்ஸ்டாவுக்கு என்ன கொடுக்கிறது என்று டீபக்கரில் (ஓடும் புரோகிராமை நிறுத்திப் பார்க்கும் கருவி) பார்த்தால், ஆவணம் இல்லாததின் வடிவம் பாதி தெரிந்துவிடும். முதல் பாராமீட்டர் பெரும்பாலும் சர்வர் ஹேண்டில், பூஜ்ஜியம் கொடுத்தால் இதே கணினி. இரண்டாவது பெரும்பாலும் செஷன் எண்.

பாராமீட்டர் எத்தனை என்று கண்டுபிடிக்க 32 பிட் டிஎல்எல்தான் நல்ல வாத்தியார். 32 பிட்டில் ஸ்டாண்டர்டு கால் முறையில், கூப்பிடப்பட்ட ஃபங்ஷனே ஸ்டாக்கை (பாராமீட்டர்களை வைக்கும் தற்காலிக நினைவிடம்) சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதனால் கடைசியில் 'ரெட் 8' என்று முடிந்தால் எட்டு பைட், அதாவது இரண்டு பாராமீட்டர், வெறும் 'ரெட்' என்று முடிந்தால் ஒன்றும் இல்லை. 64 பிட்டில் இந்தத் தடயம் கிடைக்காது. அங்கே முதல் நாலு பாராமீட்டர் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9 ரெஜிஸ்டர்களில் வரும், ஃபங்ஷன் தொடங்கியதும் இவற்றில் எதை எழுதுவதற்கு முன்பே படிக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எனவே விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும் 32 பிட் வின்ஸ்டாவை முதலில் பிரித்துப் பாருங்கள். அப்படிப் பிரிக்கும் கருவியான கிட்ரா 2019லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, போதுமானது. மைக்ரோசாஃப்டின் சிம்பல் சர்வரை இணைத்துக்கொண்டால் உள்ஃபங்ஷன்களின் பெயர்களும் வந்துவிடும், ஆனால் பெயர் மட்டும்தான், பாராமீட்டர் வகைகள் அதில் இருக்காது.

உள்ளே போனால் பெரும்பாலான வின்ஸ்டேஷன் ஃபங்ஷன்கள் சொந்தமாக எதுவும் செய்யாமல் ஆர்பிசி (ஒரு புராசஸ் இன்னொரு புராசஸிடம் வேலை சொல்லும் முறை) வழியாக வேறு இடத்துக்குச் செய்தி அனுப்புவதைப் பார்ப்பீர்கள். டெர்மினல் சர்வீஸுக்குச் சில, லோக்கல் செஷன் மேனேஜருக்குச் சில. இந்த மேனேஜர் விஸ்டாவிலும் 7லும் எல்எஸ்எம் என்று தனி புராசஸாகவே ஓடியது, 8லிருந்து டிஎல்எல்லாக எஸ்விசிஹோஸ்டுக்குள் போய்விட்டது. இங்கேதான் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஃபங்ஷனுக்கு ஆவணம் கிடையாது, ஆனால் அந்த ஃபங்ஷன் ஆர்பிசியில் அனுப்பும் செய்திக்கு ஆவணம் உண்டு. 'எம்எஸ்-டிஎஸ்டிஎஸ்' என்ற பெயரில் மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கும் புரோட்டோகால் விவரணையைத் திறந்து, வின்ஸ்டாவில் பார்த்த பெயர்களோடு ஒப்பிட்டுப் படியுங்கள். பல இடங்களில் பாராமீட்டர் வகை, திரும்பி வரும் மதிப்பு, எந்த அதிகாரம் வேண்டும் என்பதெல்லாம் கிடைத்துவிடும். அதோடு 'வின்டர்னல்' ஹெடர் ஃபைலில் வின்ஸ்டேஷன்-குவெரி-இன்ஃபர்மேஷன் என்ற ஒரே ஒரு வின்ஸ்டா ஃபங்ஷன் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்ற எச்சரிக்கையோடு. புராசஸ் ஹேக்கர் என்று முன்பு இருந்து இப்போது சிஸ்டம் இன்ஃபார்மர் என்று பெயர் மாறிய கருவியின் சோர்ஸ் கோடில் மற்றவற்றுக்கும் ஹெடர் எழுதிவைத்திருக்கிறார்கள். பல பேர் பல வருடம் உழைத்துச் சேர்த்தது. அதை நம்பலாம், ஆனால் 'ரெட்' எண்ணோடு ஒருமுறை ஒத்துப்பார்த்துவிட்டு நம்புங்கள்.

சி ஷார்ப்பில் எழுதப்போகிறேன் என்றீர்களே, அங்கே ஒரு குழி இருக்கிறது. இந்த ஃபங்ஷன்கள் திரும்பத் தருவது பூலியன் என்ற ஒரு பைட் வகை, வழக்கமான வின்32 ஃபங்ஷன்கள் தரும் பூல் நாலு பைட். சி ஷார்ப்பில் டிஎல்எல் இம்போர்ட் எழுதும்போது 'பூல்' என்று மட்டும் போட்டால் அது நாலு பைட்டைப் படிக்கும். ஃபங்ஷன் தோற்றுப்போய் ஏஎல் ரெஜிஸ்டரில் பூஜ்ஜியம் வைத்தாலும், இஏஎக்ஸின் மேல் மூன்று பைட்டில் பழைய குப்பை கிடந்தால் மொத்தம் பூஜ்ஜியமாக இருக்காது, உங்கள் புரோகிராம் 'ட்ரூ' என்று எடுத்துக்கொள்ளும். நான் இதில் முழுதாக ஒரு மாலையைச் செலவழித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெற்றி என்றே வந்துகொண்டிருந்தது, திரையில் ஒன்றும் நடக்கவில்லை. டீபக்கரில் நிறுத்தி இஏஎக்ஸைப் பார்த்தபோதுதான் கடைசி இரண்டு இலக்கம் 00, முன்னால் ஏதேதோ எண். திரும்பும் மதிப்புக்கு 'யு1' என்று மார்ஷல் வகை கொடுத்தால் சரியாகிவிடும். ஆவணம் உள்ள ஃபங்ஷன் என்றால் இந்த விவரம் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆவணம் இல்லாததைக் கூப்பிடுகிறவர் பாராமீட்டரைப் பற்றியே கவலைப்படுவார், திரும்பி வருவதன் அகலத்தை யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம், டிஎல்எல்லை லோட் செய்யும்போது சிஸ்டம்32லிருந்து மட்டும் எடு என்று சொல்லுங்கள், இல்லையென்றால் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் அதே பெயரில் யாராவது வைத்த டிஎல்எல் ஏறிவிடும். ஃபங்ஷனை கெட்-ப்ராக்-அட்ரஸ் மூலம் ஓடும்போது தேடுங்கள். சி++ போன்றவற்றில் நேரடியாக இம்போர்ட் செய்தால் ஒருநாள் அந்த ஃபங்ஷன் காணாமல் போகும்போது உங்கள் புரோகிராம் திறக்கவே செய்யாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன வின்ஸ்டா0 நினைவிருக்கிறதா? ஸ்விட்ச் ஃபங்ஷன் உங்களைக் கூட்டிப்போவது செஷன் ஜீரோவின் வின்ஸ்டா0வுக்கு. ஆனால் உங்கள் சர்வீஸின் பெட்டி அங்கே இருக்கிறதா?

சர்வீஸ் அமைப்பில் 'டெஸ்க்டாப்போடு ஊடாட அனுமதி' என்று ஒரு டிக் உண்டு, அது இருந்தால்தான் சர்வீஸ் வின்ஸ்டா0வில் ஓடும். இல்லாவிட்டால் சிஸ்டம் கணக்கில் ஓடும் சர்வீஸ்களுக்கென்று தனி விண்டோ ஸ்டேஷன், பெயர் 'சர்வீஸ்' என்று தொடங்கி 3இ7$ என்று முடியும். 3இ7 என்பது 999இன் ஹெக்ஸ் வடிவம், சிஸ்டம் கணக்கின் லாகான் எண். இந்த விண்டோ ஸ்டேஷனுக்குத் திரையே கிடையாது. அங்கே போட்ட பெட்டி நினைவகத்தில் இருக்கும், எந்த மானிட்டரிலும் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் தெரியாது. அதற்கு மேல் ரிஜிஸ்ட்ரியில், கன்ட்ரோல் கிளைக்குக் கீழே விண்டோஸ் என்ற இடத்தில், 'நோ-இன்டராக்டிவ்-சர்வீசஸ்' என்று ஒரு மதிப்பு. விஸ்டாவிலும் 7லும் அது பூஜ்ஜியம், விண்டோஸ் 8லிருந்து ஒன்று. ஒன்று என்றால் டிக் போட்டிருந்தாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், சர்வீஸை அந்தத் திரையில்லாத இடத்தில்தான் ஓட்டுவார்கள். இதைச் செய்துவிட்டு ஈவென்ட் லாகில் 7030 என்ற எண்ணில் ஒரு வரியும் எழுதிவைப்பார்கள்: இந்த சர்வீஸ் இன்டராக்டிவ் என்று குறிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் இந்த சிஸ்டம் அதை அனுமதிக்கவில்லை, சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று. உங்கள் ஆலைக் கணினியில் சிஸ்டம் லாகைத் திறந்து 7030ஐத் தேடிப்பாருங்கள், இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விண்டோஸ் 7ல் நன்றாக ஓடியது 10ல் ஓடவில்லை என்ற உங்கள் கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது.

அந்த மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு ஸ்விட்ச் செய்யலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். விண்டோஸ் 10ல் செஷன் ஜீரோவுக்குள் போனால் விசைப்பலகையும் மவுசும் வேலை செய்யாது, அதற்கென்று தனி டிரைவர் வேண்டும். 2018ல் வந்த 1803 பதிப்பில் யுஐ0டிடெக்ட் சர்வீஸையே எடுத்துவிட்டார்கள், திரும்புவதற்குப் பொத்தான் காட்டவும் ஆள் இல்லை. என் சோதனைக் கணினியில் உள்ளே போய், அசையாத மவுஸோடு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் பவர் பட்டனை அமுக்கித்தான் வெளியே வந்தேன். அதையே லாரி மேடையில் நிற்கும்போது ஆலையில் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் மெய்நிகர் கணினியில், ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுப் பாருங்கள். எக்ஸ்போர்ட் பட்டியலில் பெயர் இருப்பதை வைத்து அது வேலை செய்யும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அப்படியானால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? திரை வேண்டியதே இல்லை. அடுத்த முறை சர்வீஸ் நிற்கும்போது புராசஸ் எக்ஸ்ப்ளோரரை அட்மினாகத் திறந்து, அந்தப் புராசஸின் திரெட்களில் ஒவ்வொன்றாக ஸ்டாக்கைப் பாருங்கள். ஒன்றில் கீழிருந்து மேலாக மெசேஜ்பாக்ஸ் என்று தொடங்கும் பெயர், அதன்மேல் சாஃப்ட்-மோடல்-மெசேஜ்-பாக்ஸ், அதன்மேல் டயலாக்-பாக்ஸ்2, உச்சியில் வெயிட்-மெசேஜ் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், யாராவது 'சரி' அமுக்குவார்கள் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே நின்றுவிடாமல் ப்ராக்டம்ப் கருவியால் முழு டம்ப் (அந்தப் புராசஸின் நினைவகத்தின் நகல்) எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் எடுக்க வேண்டாம், எடைமேடை மென்பொருள் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் டாஸ்க் மேனேஜர் எடுக்கும் டம்ப்பைப் படிப்பது தலைவலி. வின்டிபிஜி டீபக்கரில் திறந்து 'கேபி' என்று அடித்தால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முதல் மூன்று பாராமீட்டர் தெரியும். மெசேஜ் பாக்ஸின் இரண்டாவது பாராமீட்டர் வாசகம், மூன்றாவது தலைப்பு. அந்த முகவரியை 'டியு' கட்டளைக்குக் கொடுங்கள், ஃபங்ஷன் பெயர் 'ஏ' என்று முடிந்தால் 'டிஏ'. வாசகம் அப்படியே எழுத்தாக வந்து நிற்கும்.

டம்ப் எடுக்க நேரமில்லை, ஆலையில் தினமும் தேவைப்படும் என்றால் சிறிய கருவி ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், முழுக்க ஆவணம் உள்ள ஃபங்ஷன்களைக் கொண்டே. சிஸ்டம் கணக்கில் ஓடும் சிறு புரோகிராம், பிஎஸ்எக்ஸெக் கருவியில் 'எஸ்' கொடுத்துக் கிளப்பினால் அது செஷன் ஜீரோவிலேயே ஓடும். அது அந்த 3இ7 விண்டோ ஸ்டேஷனைத் திறந்து, தன் புராசஸை அதற்கு மாற்றி, டெஸ்க்டாப்பைத் திறந்து, அதில் உள்ள ஜன்னல்களை எண்ணி, தலைப்பை எழுதட்டும். உள்ளே உள்ள வாசகத்துக்கு கெட்-விண்டோ-டெக்ஸ்ட் பயன்படாது, வேறு புராசஸின் கன்ட்ரோலில் இருக்கும் எழுத்தை அது தராது. கெட்-டெக்ஸ்ட் செய்தியை நேராக அனுப்ப வேண்டும், அதுவும் நேரவரம்பு உள்ள சென்ட்-மெசேஜ்-டைம்அவுட் வழியாக, இல்லையென்றால் தொங்கிப்போன ஜன்னலோடு உங்கள் கருவியும் தொங்கும்.

நிரந்தரத் தீர்வு வேறு. மென்பொருள் உங்கள் கையில் இருந்தால் சர்வீஸில் எந்தப் பெட்டியும் போடாதீர்கள், ஃபைலில் எழுதுங்கள். ஆளுக்குச் சொல்லியே ஆக வேண்டிய செய்தி என்றால், ஆளின் செஷனில் ஓடும் சிறு புரோகிராம் ஒன்று வைத்து நேம்டு பைப் (இரண்டு புராசஸ்கள் செய்தி பரிமாறும் வழி) வழியாகப் பேசுங்கள். அதை சர்வீஸே கிளப்ப வேண்டும் என்றால் டபிள்யூடிஎஸ்-குவெரி-யூசர்-டோக்கன் மூலம் ஆளின் டோக்கனை (அவர் யார், என்ன அதிகாரம் என்று சொல்லும் அடையாளம்) எடுத்து கிரியேட்-ப்ராசஸ்-ஆஸ்-யூசருக்குக் கொடுங்கள், டெஸ்க்டாப் பெயராக 'வின்ஸ்டா0\டிஃபால்ட்' என்று கொடுக்க மறக்காதீர்கள். சர்வீஸ் சிஸ்டம் கணக்கில் ஓட வேண்டும், இல்லையென்றால் 1314 பிழை வரும். எந்த செஷன் என்பதற்குப் பலரும் 'ஆக்டிவ் கன்சோல்' எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள், ஆலைகளில் அது அடிக்கடி தப்பாகப் போகும். முதலாளி திருநெல்வேலியில் இருந்துகொண்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்தால் கன்சோலில் வெறும் லாகான் திரைதான் இருக்கும், அந்த எண்ணைக் கொடுத்தால் 1008 வரும், டோக்கன் இல்லை என்று. எல்லா செஷன்களையும் பட்டியலிட்டு ஆக்டிவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சிலர் குறுக்குவழி சொல்வார்கள்: சிஸ்டம் டோக்கனையே நகலெடுத்து அதன் செஷன் எண்ணை மட்டும் மாற்றி ஆளின் டெஸ்க்டாப்பில் ஜன்னல் திறப்பது. வேலை செய்யும். ஆனால் சிஸ்டம் அதிகாரமுள்ள ஜன்னலை எடை போடும் பையனின் கையில் கொடுப்பதும், செஷன்களைப் பிரித்ததற்கு முன்பிருந்த அதே நிலைமைக்குத் திரும்புவதும் ஒன்றுதான். 'ஃபைலைத் திற' என்ற ஒரு மெனு அதில் இருந்தால் போதும், அங்கிருந்து எதை வேண்டுமானாலும் சிஸ்டமாக ஓட்டலாம். கணக்கும் பணமும் இருக்கும் கணினியில் இதை வைக்கவே கூடாது.

மென்பொருள் வேறு ஒருவருடையது, சோர்ஸ் கிடைக்காது என்றால், அதை சர்வீஸாக ஓட்டுவதை விட்டுவிட்டு, ஆள் லாகான் செய்ததும் தொடங்கும் சாதாரணப் புரோகிராமாக ஓட்ட முடியுமா என்று அதை எழுதியவரிடம் கேளுங்கள். பல எடைமேடை மென்பொருள்கள் இரண்டு விதமாகவும் ஓடும். அப்படி ஓடினால் பெட்டி கண்ணெதிரே வரும், பையனுக்கு அதைப் படித்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

அடுத்த தடவை எடை நின்றதும் பழக்கத்தில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், தடயம் எல்லாம் அதோடு போய்விடும். மேடையில் நிற்கும் லாரிக்கு எடைக்கருவியின் முகப்பில் தெரியும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் டம்ப் ஒன்று, 7030 வரி இருக்கிறதா என்று ஒரு பார்வை, புராசஸ் எக்ஸ்ப்ளோரரின் ஹேண்டில் பட்டியலில் விண்டோ ஸ்டேஷன் பெயர் எது என்று ஒரு குறிப்பு, இந்த மூன்றும் எடுத்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த வாசகத்தை 'டியு'வில் படித்ததும் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள் தம்பி, கல்லிடைக்குறிச்சியில் பார்த்த மாதிரி கம்பியாக இருந்தால் எடைக்கருவிக்குப் பின்னால் இருக்கும் ஒன்பது பின் கனெக்டரின் இரண்டு பக்கத் திருகையும் முறுக்கிவிட்டுப் பாருங்கள்.